போத்தலுக்குள் பூத்த பூசணம்

ஹட்டனுக்கு அருகிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, தோட்டத்தில் பெயர் வெட்டிக்கொண்டு (வேலையை விட்டு விலகி) வந்து 12 பேர்ச் காணியில் வீடு கட்டியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி மிஞ்சி (புதினா), துளசி, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி நட்டிருக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் மகள், காய்ந்த மூலிகை இலைக்கு அங்கே நல்ல விலை கிடைக்கிறது என்கிறாள். ஜூன் மாதத்தில் மூன்று முறை முயன்றேன். முதல் முறை முற்றத்தில் சாக்கு விரித்துக் காயப் போட்டேன்; கறுத்துப்போனது. அடுத்த முறை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். காய்ந்தது, ஆனால் புகை நாற்றம். மூன்றாம் முறை அறைக்குள் மின்விசிறி போட்டு உலர்த்தினேன். மொறுமொறுவென்று வந்தது. போத்தலில் அடைத்து வைத்தேன். மூன்று வாரத்தில் வெள்ளையாகப் பூசணம். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டில் வீட்டிலேயே கஞ்சா வளர்ப்பவர்கள் அதை இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள்; பிறகு கண்ணாடிப் போத்தலில் போட்டு நாள்தோறும் திறந்து மூடுகிறார்கள். அந்த முறை என் இலைகளுக்குச் சரிவருமா? பூசணம் பிடித்ததை வெயிலில் போட்டு எடுத்துப் பயன்படுத்தலாமா? மெஷின் ஏதாவது வாங்க வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

பூசணம் பிடித்த போத்தலை முதலில் குப்பைக் குழிக்கு அனுப்பிவிடுங்கள். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். வெயிலில் போட்டால் வெள்ளை மறையும். பூசணம் இலைக்குள் விட்ட நஞ்சு இருந்தால் அது மறையாது, கொதிநீரில் போட்டாலும் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. அவற்றுக்குப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். உங்கள் போத்தலில் இருப்பது அந்தப் பூசணம்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அரைப் போத்தல் மிஞ்சிக்காக அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

இனி, ஏன் பிடித்தது என்பதற்கு வருகிறேன். 36 வருடம் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டிக் காயவைத்தவன் நான். உங்களுடைய மூன்று தோல்விகளையும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். என்ன, எனக்கு அவை ஆயிரம் கிலோக் கணக்கில் நடந்தன.

ஹட்டன் பக்கத்து ஜூன் மாதம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பியில் போட்ட துணி மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். குசினியில் திறந்து வைத்த உப்பு கசியும். அந்த உப்பை நன்றாகக் கவனியுங்கள். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். பூசணத்துக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. 65, 70 வீதமே போதும். ஆகவே உப்பு கசிகிற வீட்டில் திறந்து கிடக்கும் இலை ஒருநாளும் சேமிக்கும் பதத்துக்குக் காயாது. நீங்கள் மின்விசிறியை எவ்வளவு சுழற்றினாலும் ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

அப்படியானால் மொறுமொறுவென்று வந்தது எப்படி? மிஞ்சி இலையின் ஓரம் காகிதம் போல மெல்லியது. அது முதலில் காய்ந்துவிடும். நடு நரம்பும் காம்பும் தடித்தவை; அவற்றுக்குள் நீர் இருந்துகொண்டே இருக்கும். விரலால் நொறுக்கிப் பார்க்கும்போது ஓரம்தான் நொறுங்குகிறது. நம்பி அடைத்துவிடுகிறோம். மூடிய போத்தலுக்குள் காம்பின் ஈரம் மெல்ல இலைக்குப் பரவுகிறது. மறுநாள் திறந்து பார்த்திருந்தால் நேற்று நொறுங்கிய இலை இன்று துணி போல மடிவதைக் கண்டிருப்பீர்கள். நீங்கள் மூன்று வாரம் திறக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அந்தத் தம்பி காட்டிய வீடியோவுக்கு ஒரு பயன் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரையிலும், ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வளர்ந்த ஆள் ஒருவருக்கு மூன்று செடி வரையிலும் கஞ்சா வளர்க்க அனுமதி உண்டு. (கனடாவில் கியூபெக் மாகாணம் அதையும் தடுத்திருக்கிறது.) அந்த வீடியோக்கள் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வருபவை. இங்கே 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் ஒரு செடி நட்டாலும் குற்றம்தான். ஆயுர்வேத மருந்துக்கு என்று இருக்கும் வழி அரச திணைக்களத்தின் ஊடாகப் போவது. வீட்டுத் தோட்டத்துக்கு அதில் இடமில்லை. தம்பியிடம் இதைச் சொல்லி வையுங்கள். செடியை விட்டுவிட்டு வித்தையை மட்டும் பார்ப்போம்.

அவர்கள் காயவைப்பது இலையை அன்று, பூவை. பெருவிரல் பருமனில் இறுகிப் பின்னிய பூங்கொத்து, நடுவே தண்டு, மேலெல்லாம் பிசின். அதை வேகமாகக் காயவைத்தால் வெளிப்புறம் ஓடு போல இறுகி உள்ளே ஈரம் சிறைப்படும். அதனால்தான் 20 பாகை செல்சியஸுக்குக் குறைவான குளிர்ந்த இருட்டறையில், ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டாமல் காத்து, ஒன்றிரண்டு வாரம் இழுத்தடித்துக் காயவைக்கிறார்கள். அந்த நிதானம் தடித்த பொருளுக்கு உரியது. உங்கள் மிஞ்சியை இரண்டு வாரம் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பறித்த இலை உடனே சாவதில்லை. வாடும்போதே அதற்குள் வேலை நடந்துகொண்டிருக்கும். நசுங்கிய இடமெல்லாம் கறுக்கும். தேயிலையில் அந்தக் கறுப்பை நாங்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறோம். ரோலரில் போட்டுக் கசக்குவதே அதற்காகத்தான். மிஞ்சிக்கும் துளசிக்கும் அது கேடு. ஆகவே மெல்லிய இலைக்கு வேகம் வேண்டும், ஆனால் சூடு கூடாது. தொங்கவிடுவது உங்களிடம் இருப்பவற்றில் ரோஸ்மேரிக்கு மட்டும் பொருந்தும். ஊசி போன்ற அந்த இலை எளிதில் கறுக்காது. சிறு சிறு கட்டாகக் கட்டித் தொங்கவிடலாம்.

இருட்டு விஷயத்தில் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. நேர் வெயில் பச்சையை வெளுக்க வைக்கும், வாசனையையும் கொண்டுபோகும். மிஞ்சியிலும் எலுமிச்சைப்புல்லிலும் நாம் விலை கேட்பதே அந்த வாசனைக்குத்தான். அது காற்றில் பறக்கிற எண்ணெய்; 40 பாகைக்கு மேல் போனால் வீடு மணக்கும், இலை மணக்காது. காயவைக்கும்போது வீடெல்லாம் கமகமவென்று மணந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள். விற்க வேண்டிய சரக்கு ஜன்னல் வழியே போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் முதல் தோல்வியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாக்கில் தடிமனாக விரித்திருப்பீர்கள். இடையில் தூறல் வந்திருக்கும், அள்ளிக் கூட்டி உள்ளே கொண்டுவந்து குவித்திருப்பீர்கள். குவித்த பச்சை இலை சூடாகும். எங்கள் ஸ்டோரில் ஒரு மழை இரவில் மின்சாரம் நின்றுபோய், வாட்டும் தொட்டிகளின் விசிறி ஓடாமல், அன்று வந்த கொழுந்து முழுவதும் அப்படியே தடித்துக் கிடந்தது. அதிகாலையில் கையை உள்ளே விட்டேன்; வெந்நீரில் விட்டது போல இருந்தது. இலை சிவந்து, புளித்த வாடை. துரைக்குப் பதில் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். மிஞ்சியை ஒரு இலை கனத்துக்கு மேல் விரிக்காதீர்கள். மழை வந்தால் தட்டோடு தூக்குங்கள், அள்ளாதீர்கள்.

அடுப்புப் பரணில் காயவைத்தது பழைய வழக்கம்தான். மாசிக் கருவாட்டுக்கும் கொறுக்காய்ப் புளிக்கும் அந்தப் புகை பொருந்தும். தேநீர்க் கோப்பைக்குப் போகிற இலைக்குப் பொருந்தாது. காய்ந்த இலை வாசனையை உறிஞ்சுவதில் பஞ்சை விட மோசம். எங்கள் கிடங்கு மூலையில் யாரோ ஒரு மண்ணெண்ணெய்க் கலனை ஒரே ஒரு இரவு வைத்துவிட்டுப் போனதால், பக்கத்தில் இருந்த மூட்டைகளைத் தனியாக ஒதுக்க வேண்டி வந்தது.

சரி, ஈரக்காற்று சூழ்ந்த ஊரில் என்ன செய்வது? காற்றைக் கொஞ்சம் சூடாக்குவதுதான் வழி. குளிர்காற்று கொஞ்ச நீரில் நிறைந்துவிடும்; அதே காற்றைச் சூடாக்கினால் அதற்குத் தாகம் வந்துவிடும். 15 பாகையில் 95 வீத ஈரத்துடன் இருக்கும் காற்றை 25 பாகைக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் ஏறத்தாழ 50 வீதத்துக்கு இறங்கும். பத்துப் பாகைதான், ஆனால் பூசணம் வாழ முடியாத காற்றாக அது மாறிவிடுகிறது. ஸ்டோரில் நாங்கள் கடைசியாக 90 பாகைக்கு மேலான அனலில் சுமார் 20 நிமிடத்தில் முடித்து, இலையின் ஈரத்தை 3 வீதத்துக்குக் கொண்டுவருவோம். மூலிகைக்கு அந்த அனல் ஆகாது. உங்களுக்கு 35 பாகை இருந்தால் போதும்.

இதற்கு மெஷின் வாங்கலாம். 40 பாகைக்கும் கீழே வைக்கக்கூடியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். சிலவற்றின் மிகக் குறைந்த சூடே 50க்கு மேல். ஆனால் விற்று ஒரு ரூபாய்கூட வராத நிலையில் நான் மெஷின் வாங்கச் சொல்ல மாட்டேன். பழைய அலுமாரி ஒன்று இருக்கிறதா? அடியிலும் உச்சியிலும் சில துளைகள் இடுங்கள். அடித்தட்டில் பழைய வகை இழை விளக்கு ஒன்று, 60 வொட். இப்போதைய எல்.ஈ.டி. விளக்கு உதவாது, அதில் சூடு வராது. விளக்குக்கும் முதல் தட்டுக்கும் இடையில் ஒன்றரை அடியாவது விடுங்கள். அதைச் சுற்றித் துணியோ காகிதமோ இருக்கக் கூடாது. விளக்கின் வெளிச்சம் இலையில் நேரே படாமல் மேலே ஒரு தகரத் துண்டைக் குறுக்கே வையுங்கள். மரச் சட்டத்தில் நுளம்பு வலை அடித்தால் தட்டு தயார். உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் வையுங்கள். இரண்டும் சேர்ந்த சிறு கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து ஒரு போத்தலில் மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் அது எப்போதும் 5 கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பறிப்பது காலை ஒன்பது, பத்து மணிக்கு, பனி காய்ந்த பிறகு. மிஞ்சி பூப்பதற்கு முன் பறியுங்கள். கழுவ வேண்டுமென்றால் காம்போடு கழுவி, உதறி, நீர் வடிந்த பிறகு இலையைக் கிள்ளுங்கள். துளசியை எக்காரணம் கொண்டும் கத்தியால் நறுக்க வேண்டாம்; வெட்டு வாய் எல்லாம் கறுக்கும். எலுமிச்சைப்புல்லை மட்டும் கத்தரிக்கோலால் விரல் கணு நீளத்துக்கு நறுக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் ஓரம் அறுக்கும்.

மொறுமொறுப்பை இனி நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். மிஞ்சி இலையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். 500 கிராம் பச்சை இலையில் 100 கிராம்தான் திடப்பொருள். அது 110 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் சுமார் 10 வீதம். அங்கே நிறுத்துங்கள். கொழுந்தும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்: நாலரைக் கிலோக் கொழுந்துக்கு ஒரு கிலோத் தேயிலை. ரோஸ்மேரியும் எலுமிச்சைப்புல்லும் நீர் குறைந்தவை, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கும். முதல் இரண்டு தடவை எழுதி வைத்துக்கொண்டால் உங்கள் தோட்டத்து இலையின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும். இலை ஒருவேளை பாதி காய்ந்த நிலையில் இரவாகிவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். பகலில் விட்ட நீரை இரவுக் காற்று திருப்பிக் கொடுத்துவிடும். இரவில் விளக்கு எரிய விடப் பயம் என்றால் (பயப்படுவது நல்லதுதான்) தட்டுகளை வெளியே எடுத்து, இலையைத் தளர்வாக ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, காலையில் முதல் வேலையாக மீண்டும் விரியுங்கள். முற்றும் பச்சையாக இருப்பதை அப்படி மூடக் கூடாது, புழுங்கிவிடும். அதனால்தான் காலையிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

காய்ந்தவுடன் போத்தலில் அடைப்பதில் அந்தக் கஞ்சாக்காரர்களைப் பின்பற்றலாம். கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். ஈரப்பதமானியை இலையோடு உள்ளே போட்டு மூடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 55க்குக் கீழே நின்றால் நல்லது. 60க்கு மேல் போனால் அன்றே மீண்டும் தட்டில் விரியுங்கள். 65ஐத் தாண்டினால் நாளை என்று ஒத்திப்போடவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு நாள்தோறும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தாலோ, இலைகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். அவர்கள் வாரக்கணக்கில் திறந்து திறந்து மூடுவது, தடித்த பூவின் உள் ஈரம் வெளியே வரவும் பச்சை வாடை போகவும். உங்களுக்கு ஒரு வாரம் போதும். இன்னொன்று: அவர்கள் காற்று மாறுவதற்காகத் திறக்கிறார்கள். நீங்கள் மழை நாளில் திறந்தால் வெளி ஈரம்தான் உள்ளே போகும். கருவி போத்தலுக்குள் இருப்பதால் கண்ணாடி வழியே பார்த்தாலே போதும். தேவையென்றால் மட்டும் திறங்கள்.

அந்த ஒரு வாரம் கடந்த போத்தலை வேறொரு இருட்டான அலுமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேல் தட்டிலும் மிளகாய்த்தூள், மாசிக் கருவாட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வாசனையும் வெளியே போகும், ஈரமும் உள்ளே வரும். பொதி செய்வதை விற்பதற்குச் சற்று முன்பு செய்துகொள்ளலாம். இலையை முழுதாகவே வையுங்கள், பொடித்தால் வாசனை சீக்கிரம் போய்விடும். மூடியில் திகதி எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததை விற்காதீர்கள். விற்பனை என்று இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். லேபலில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஏன் ஜூனில் தொடங்கினீர்கள்? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை உங்கள் பக்கத்து மலையில்தான் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. ஜூலை, ஓகஸ்டில் பண்டாரவளையில் கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கிற நேரத்தில் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசனை ஏறும். உங்கள் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பகலில் சுள்ளென்று வெயில், வறண்ட காற்று, இரவில் கடும் குளிர். உங்கள் பக்கத்து டிம்புள்ளைத் தேயிலைக்கு ஏலத்தில் விலை ஏறுவதும் அப்போதுதான். அந்த மூன்று மாதத்தில் அலுமாரியும் விளக்கும் இல்லாமலே நிழலான அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை நன்றாகக் காயவைக்கலாம். வருடச் சரக்கின் பெரும்பகுதியை அப்போது செய்து வைத்துவிடுங்கள்.

இப்போது மழையில் மதாளித்து நிற்கும் மிஞ்சியை என்ன செய்வது என்றால், தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டியதைச் சம்பலுக்கு அரையுங்கள், மிஞ்சுவதை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். ஜனவரிக்குள் இரண்டு தடவை புதிதாகத் தளிர்த்துவிடும். ரோஸ்மேரியில் மட்டும் இந்த வாரமே ஒரு சிறு கட்டு கட்டி அலுமாரியில் தொங்கவிட்டு, எடையை எழுதத் தொடங்குங்கள்.